உத்தரவுக்கு அப்பீல், நடத்தைக்குப் புகார்: ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெண்ணாடத்தில் வீடு, திட்டக்குடியில் வழக்கு, விருத்தாசலத்தில் சார்பு நீதிமன்றம், கடலூரில் செஷன்ஸ், கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம். நம் பக்கத்து ஜூனியர் வழக்கறிஞரின் தொழில் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் அவருக்கு எதிரே ஒரு நீதிபதி அமர்ந்திருக்கிறார். அந்த நீதிபதி நேரத்துக்கு இருக்கைக்கு வருகிறாரா, கேட்டவர்க்கெல்லாம் வாய்தா கொடுக்கிறாரா, சாட்சி சொன்னதைச் சொன்னபடி பதிவு செய்கிறாரா, ஜூனியரைப் பேசவிடுகிறாரா என்பதைப் பொறுத்தே வழக்கின் ஆயுள் கூடும் அல்லது குறையும். கட்சிக்காரர் நம்மீது வைத்திருக்கும் நம்பிக்கையும் அப்படித்தான்.

சட்டக் கல்லூரியில் சட்டம் சொல்லித் தருகிறார்கள். நீதிபதியின் எதிரே நின்று வேலை செய்வது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் பல ஜூனியர்கள் இரண்டில் ஒன்றைப் பழகிக்கொள்கிறார்கள். எது நடந்தாலும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து புலம்புவது ஒன்று. சத்தம் போட்டுப் புறக்கணிப்புக்குக் கிளம்புவது மற்றொன்று. இரண்டாலும் கட்சிக்காரருக்குப் பயன் இல்லை. மூன்றாவது வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது.

1. முதலில் பிரித்துப் பாருங்கள்

நீதிபதியால் உங்களுக்குப் பாதிப்பு என்று தோன்றினால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தவறு உத்தரவிலா, நடத்தையிலா?

சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார், ஆவணத்தைக் கவனிக்கவில்லை, இடைக்கால மனுவைக் காரணம் எழுதாமல் தள்ளுபடி செய்தார் என்றால் அது உத்தரவின் பிழை. அதற்கு மருந்து அப்பீல், சீராய்வு, மறுஆய்வு. திறந்த நீதிமன்றத்தில் இழிவாகப் பேசினார், ஒரு தரப்பாரைத் தனியே சந்தித்தார், சாதியை வைத்தோ பாலினத்தை வைத்தோ நடத்தினார், பணம் கைமாறியது என்றால் அது நடத்தையின் பிழை. அதற்கு மருந்து எழுத்துப்பூர்வமான புகார்.

உத்தரவு பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியின் நாணயத்தைச் சந்தேகித்துப் புகார் எழுதாதீர்கள். நடத்தை சரியில்லை என்பதை அப்பீல் மனுவில் ஒரு வரியாகச் செருகிவிட்டு விட்டுவிடவும் செய்யாதீர்கள். இரண்டையும் கலந்தால் இரண்டுமே நிற்காது.

2. நம் பக்கத்து நீதிபதி ஒருவரின் கதை

இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் நம் பகுதியிலிருந்தே கிடைத்தது. விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மங்கலம்பேட்டையில் பள்ளிப்படிப்பு படித்து, 2009-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானவர் சி.எஸ். கர்ணன். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் சக நீதிபதிகள் தன்னைப் பாகுபாட்டோடு நடத்துகிறார்கள் என்று 2011-இல் தாழ்த்தப்பட்டோர் தேசிய ஆணையத்திடம் புகார் செய்தார். அது சாதாரணக் குற்றச்சாட்டு அல்ல. முறையாக விசாரித்து விடை காண வேண்டிய கேள்வி.

ஆனால் அடுத்தடுத்து நடந்தவை அந்தக் கேள்வியை மூழ்கடித்தன. 2014-இல் நீதிபதிகள் நியமனம் தொடர்பான வழக்கு வேறு அமர்வில் நடந்துகொண்டிருந்தபோது அவரே உள்ளே நுழைந்து பேசினார். 2016 பிப்ரவரியில் கொல்கத்தாவுக்கு மாற்றப்பட்டதும், தன் மாறுதலுக்குத் தானே தடை விதித்து உத்தரவிட்டார். 2017 ஜனவரியில் 20 நீதிபதிகளின் பெயரைக் குறிப்பிட்டுப் பிரதமருக்கு ஊழல் புகார் எழுதினார். உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தானாக முன்வந்து அவமதிப்பு வழக்கு எடுத்தது. அவரோ அந்த நீதிபதிகளுக்கே சிறைத் தண்டனை விதித்து உத்தரவிட்டார். 2017 மே 9 அன்று அவருக்கு ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அவமதிப்புக்காகச் சிறை விதிக்கப்பட்டது இந்தியாவில் அதுவே முதல் முறை. ஜூன் 12-இல் ஓய்வு. ஜூன் 20-இல் கோயம்புத்தூரில் கைது.

இந்த வரலாற்றில் ஒரு ஜூனியர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நடத்தைக் குறைக்குப் பரிகாரமாக உத்தரவைப் பயன்படுத்தினார் அவர். அதனால் சாதிப் பாகுபாடு பற்றிய அவருடைய கேள்வி கடைசிவரை விடை பெறவில்லை. எத்தனை நியாயமான குறையாக இருந்தாலும், அதற்கான வழியில் கொண்டுபோனால்தான் நிலைக்கும்.

3. பதிவில் ஏறாதது நடக்கவில்லை

அப்பீலுக்கும் புகாருக்கும் அடிப்படை ஒன்றே: பதிவு. இதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள்.

குறுக்கு விசாரணையில் உங்கள் ஆட்சேபத்தை மீறி ஒரு கேள்வி அனுமதிக்கப்பட்டால், கேள்வியையும் பதிலையும் ஆட்சேபத்தையும் யார் ஆட்சேபித்தார் என்பதையும் பதிவு செய்யும்படி கேளுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-ஆம் கட்டளை, 11-ஆம் விதி அதைத்தான் சொல்கிறது. கேட்பது உங்கள் உரிமை. நீதிபதியிடம் சண்டை போடுவது ஆகாது. குரலை உயர்த்தவும் தேவையில்லை.

நீங்கள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகவோ, ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொண்டதாகவோ உத்தரவில் எழுதப்பட்டிருந்தால் அப்பீல் வரை காத்திருக்காதீர்கள். நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்பதற்கு நீதிபதி எழுதிய பதிவே இறுதியானது. அது தவறென்றால், நினைவு பசுமையாக இருக்கும்போதே அதே நீதிபதியிடம் சுட்டிக்காட்ட வேண்டும் என்று 1982-இல் ராம்தாஸ் ஸ்ரீனிவாஸ் நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அன்றோ மறுநாளோ ஒரு மெமோ போடுங்கள். பணிவாக, இரண்டே பத்தியில்.

ஒவ்வொரு வாய்தா அன்றும் மாலையில் உங்கள் டைரியில் நாலு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு அழைத்தார்கள், யார் வாய்தா கேட்டார்கள், என்ன காரணம், நீதிபதி என்ன சொன்னார். இ-கோர்ட்ஸ் தளத்தில் அன்றைய நிலை சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமான உத்தரவுக்கு அன்றே நகல் மனு போடுங்கள். நகல் பெறத் தேவைப்பட்ட நாள்கள் காலவரையறையில் கழிக்கப்படும். ஆனால் மனு போடத் தாமதித்த நாள்கள் கழிக்கப்படாது.

4. உத்தரவு தவறென்றால்

கட்சிக்காரர் முன்னால் நீதிபதியைத் திட்டாதீர்கள். அவர் நம்பிக்கை இழப்பது அந்த நீதிபதியிடம் மட்டுமல்ல, நீதிமன்றத்திடமும் உங்களிடமும்தான். காலண்டரை எடுங்கள்.

முன்சீப் தீர்ப்பின் மீது சார்பு நீதிமன்றத்தில் அப்பீலுக்கு 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கான உரிமையியல் அப்பீலுக்கு 90 நாள். குற்றவியலில் செஷன்ஸுக்கு 30, உயர் நீதிமன்றத்துக்கு 60. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கோர 30 நாள். கடலூர் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் சென்னை அமர்வின் கீழ்தான் வருகிறது. எனவே சென்னையில் நம்பகமான ஒரு வழக்கறிஞரோடு தொடர்பை முதல் ஆண்டிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த நீதிபதியிடம் நியாயம் கிடைக்காது என்ற அச்சத்துக்கு உண்மையான காரணம் இருந்தால், வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரலாம். உரிமையியலில் 24-ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுகலாம். குற்றவியலில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 448-ஆம் பிரிவு செஷன்ஸ் நீதிபதிக்கும், 447-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஒரு மனு தள்ளுபடியானது மாறுதலுக்குக் காரணமாகாது. என்ன தேதியில், என்ன நடந்தது என்று எழுத முடிந்தால் மட்டுமே போடுங்கள். மறுக்கப்பட்டால் அதே நீதிபதியின் முன்புதான் திரும்ப நிற்க வேண்டும்.

5. தாமதமும் ஒரு தீர்ப்புதான்

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையின் கண்ணகி–முருகேசன் வழக்கை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. 2003 ஜூலை 8 அன்று, சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட இருவரும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்க் காவல்துறை முருகேசனின் உறவினர்களையும் சேர்த்தே குற்றவாளிகளாக்கியது. உயர் நீதிமன்றம் 2004-இல் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றிய பிறகுதான் வழக்கு நேர்வழிக்கு வந்தது. ஆனால் கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பர் 24 அன்று. ஒருவருக்கு மரண தண்டனை, 12 பேருக்கு ஆயுள். குற்றவாளிகளில் இரண்டு காவல் அதிகாரிகளும் உண்டு. 2022-இல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அப்பீல்களைத் தள்ளுபடி செய்தது.

சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்ட ஒரே முடிவு முருகேசனின் குடும்பத்தைக் காப்பாற்றியது. விசாரணை முடிய 18 ஆண்டு ஆனதோ அதே குடும்பத்தை வாட்டியது. நீதிபதியின் ஒரு முடிவுக்கு எவ்வளவு வலிமை உண்டோ, முடிவெடுக்காமல் இருப்பதற்கும் அவ்வளவு வலிமை உண்டு.

இதில் வழக்கறிஞர் செய்யக்கூடியது நிறைய. உரிமையியலில் வாதம் முடிந்து 30 நாளுக்குள், தவிர்க்க முடியாவிட்டால் 60 நாளுக்குள் தீர்ப்பு வர வேண்டும் என்கிறது 20-ஆம் கட்டளை. செஷன்ஸ் வழக்கில் 30 நாள், காரணம் எழுதி 45 நாள் வரை என்கிறது பி.என்.எஸ்.எஸ். 258-ஆம் பிரிவு. உயர் நீதிமன்றத்தில் வாதம் முடிந்து மூன்று மாதத்தில் தீர்ப்பு வராவிட்டால் விரைவுபடுத்த மனுச் செய்யலாம். ஆறு மாதம் கடந்தால் வேறு அமர்வுக்கு மாற்றும்படி தலைமை நீதிபதியிடமே கேட்கலாம் என்று அனில் ராய் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. நாள் கடந்தால் இந்த விதியைக் குறிப்பிட்டு மெமோ போடுங்கள். அதற்கு முன், வழக்கு நீண்டதில் நாம் கேட்டு வாங்கிய வாய்தாக்கள் எத்தனை என்பதையும் எண்ணிப் பாருங்கள். நம் பக்கம் சுத்தமாக இருந்தால்தான் மெமோவுக்கு எடை இருக்கும்.

6. நடத்தை தவறென்றால்

பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் முதல் விதியைப் படியுங்கள். வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கண்ணியத்தோடும் தன்மானத்தோடும் நடந்துகொள்ள வேண்டும், அடிமைத்தனம் கூடாது, நீதிபதிமீது கடுமையான புகாருக்கு உரிய காரணம் இருந்தால் உரிய அதிகாரியிடம் அதைக் கொண்டுபோவது அவருடைய உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்கிறது அந்த விதி.

புகார் கொடுத்தால் அவமதிப்பு ஆகிவிடுமோ என்ற பயம் ஜூனியர்களுக்கு அதிகம். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971-இன் 6-ஆம் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கீழமை நீதிமன்ற நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் புகார் அவமதிப்பு ஆகாது. கீழமை நீதிமன்றங்கள் மீதான கட்டுப்பாடு அரசமைப்பின் 235-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது. புகார்களை விசாரிக்க அங்கே விஜிலென்ஸ் பிரிவும் உண்டு.

புகார் எப்படி இருக்க வேண்டும்?

பெயரோடும் கையெழுத்தோடும் இருக்கட்டும். மொட்டைக் கடிதத்துக்கு மதிப்பு இல்லை. சத்தியப் பிரமாண வாக்குமூலமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இணைந்திருக்க வேண்டும்.

தேதி, வழக்கு எண், நடந்தது, அப்போது உடனிருந்தவர்கள் ஆகியவை மட்டும் இருக்கட்டும். "எல்லாரும் சொல்கிறார்கள்" என்ற வாக்கியமே வரக்கூடாது.

உத்தரவு சரியா தவறா என்ற வாதம் அதில் வேண்டாம்.

அனுப்புமுன் சீனியரிடமும் பார் அசோசியேஷன் தலைவரிடமும் காட்டுங்கள். பல குறைகளைச் சங்க நிர்வாகிகள் மாவட்ட நீதிபதியைச் சந்தித்துப் பேசியே தீர்த்துவிட முடியும்.

பத்திரிகைக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகாதீர்கள். நீதிபதி ராஜினாமா செய்ய வேண்டுமென்று சங்கங்கள் தீர்மானம் போட்டு நெருக்கக்கூடாது, ஆதாரத்தோடு தலைமை நீதிபதியிடம் போக வேண்டும் என்று 1995-இல் சி. ரவிச்சந்திர ஐயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகாரை அந்த நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கோ இந்தியத் தலைமை நீதிபதிக்கோ அனுப்பலாம். அதற்கென்று நீதித்துறையின் உள்விசாரணை முறை இருக்கிறது.

7. புறக்கணிப்பு கடைசி ஆயுதம்கூட அல்ல

வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று 2002-இல் ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதித்துறையின் கண்ணியமோ சுதந்திரமோ ஆபத்தில் இருக்கும் அரிதிலும் அரிதான நேரத்தில், ஒரு நாளுக்கு மேற்படாத எதிர்ப்பை மட்டுமே பொறுத்துக்கொள்ளலாம் என்றது. புறக்கணிப்பு நாளில் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி ஆனால், அதனால் கட்சிக்காரருக்கு வரும் செலவை வழக்கறிஞரே ஏற்க நேரலாம் என்று அதற்கு முன்பே 2000-இல் ரமோன் சர்வீசஸ் வழக்கில் எச்சரித்திருந்தது.

2016 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளைத் திருத்தி, நீதிபதியை மிரட்டும் விதத்தில் பேசும் வழக்கறிஞரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் அதிகாரத்தைத் தனக்கும் மாவட்ட நீதிபதிகளுக்கும் எடுத்துக்கொண்டது. மாநிலம் முழுக்கப் போராட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களை இந்திய பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது. கட்சிக்காரர்கள் வாரக்கணக்கில் அலைந்தார்கள். அந்த விதிகள் செல்லாது என்று 2019 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பார் கவுன்சிலின் வேலை என்பதே காரணம். விதிகளை வீழ்த்தியது ஒரு வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த ரிட் மனு. இதை மறக்காதீர்கள்.

8. கொல்லைப்புற வழி வேண்டாம்

நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி நீதிபதியிடம் தனியே பேசுவது நடத்தை விதிகளில் தடை செய்யப்பட்டது. 2009 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர். ரகுபதி, ஒரு வழக்கில் மத்திய அமைச்சர் ஒருவரின் பெயரைச் சொல்லித் தன்னிடம் சலுகை கேட்கப்பட்டதாகத் திறந்த நீதிமன்றத்திலேயே அறிவித்தார். அதில் சிக்கிய மூத்த வழக்கறிஞர் மாநில பார் கவுன்சிலின் தலைவராகவே இருந்தவர். அடுத்த ஆண்டு அவர் தொழில் செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தது. "ஐயாவைத் தெரியும், பேசிவிடலாம்" என்று கட்சிக்காரரிடம் ஒருமுறை சொன்னாலும் உங்கள் பெயர் கெட்டது. நீதிபதியின் பெயரையும் சேர்த்துக் கெடுத்தீர்கள்.

9. உங்களைப் பற்றி உத்தரவில் எழுதிவிட்டால்

வழக்குக்குத் தேவையில்லாமல் வழக்கறிஞரைக் குறைகூறும் வரிகள் சில உத்தரவுகளில் வந்துவிடுவதுண்டு. ஒரு ஜூனியரின் எதிர்காலத்தையே அவை பாதிக்கும். அந்த வரிகளை நீக்கக் கோரலாம். சம்பந்தப்பட்டவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தரப்பட்டதா, ஆதாரம் இருக்கிறதா, வழக்கை முடிவு செய்ய அந்த வரி தேவையா என்ற மூன்று கேள்விகளை 1963-இலேயே முகமது நயீம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்தது. 2021-இல் நீரஜ் கார்க் வழக்கில் ஒரு வழக்கறிஞரைப் பற்றி உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் எழுதிய வரிகளை உச்ச நீதிமன்றம் இதே அளவுகோலால் நீக்கியது.

10. நல்ல நீதிபதி கிடைத்தால் தயாராக இருங்கள்

1993-இல் விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தின் ராசாக்கண்ணு, கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு வீடு திரும்பவில்லை. அவர் மனைவிக்காக ஆட்கொணர்வு மனுவை நடத்தியவர் அன்று வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு. 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படையான வழக்கு இதுதான். காவல் நிலையத்திலிருந்து தப்பியோடிவிட்டார் என்ற போலீஸ் பதிலோடு கட்டை மூடிவிடாமல் உண்மையைத் தேட நீதிபதிகள் முன்வந்தார்கள். அப்போது எதிரே நின்ற வழக்கறிஞரிடம் ஆதாரமும் சட்டமும் தயாராக இருந்தன. இரண்டும் சந்தித்ததால்தான் நீதி கிடைத்தது.

அதே சந்துரு 2006 முதல் 2013 வரை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து 96,000 வழக்குகளை முடித்தார். "மை லார்ட்" என்று அழைக்க வேண்டாம் என்று வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டார். 2021-இல் ஒருபாலின இணையர் வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு அந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். இப்படிப்பட்டவர்கள் முன் தயாரிப்பில்லாமல் போய் நிற்பது கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம்.

11. நாளை நீங்களும் அந்த இருக்கையில்

தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதி தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. எனவே இன்று நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நீதிமன்றமும் உங்களுக்குப் பயிற்சிக் கூடம்தான். காரணம் எழுதிய உத்தரவு, பொறுமையாகக் கேட்ட காது, நேரத்துக்கு வந்த நீதிபதி என நல்லதைக் கண்டால் குறித்துவையுங்கள். மனம் புண்படும்படி பேசியதைக் கண்டால் அதையும் குறித்துவையுங்கள், நீங்கள் அமரும்போது அதைச் செய்யாமல் இருப்பதற்காக. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 1997 மே 7 அன்று ஏற்றுக்கொண்ட நீதித்துறை வாழ்வின் விழுமியங்கள் பற்றிய பிரகடனத்தை இப்போதே படித்துவிடுங்கள்.

திட்டக்குடியிலும் விருத்தாசலத்திலும் நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் நீதித்துறை என்றால் ஒரு நீதிபதியும் ஒரு வழக்கறிஞரும்தான். நீதிபதியைத் திருத்தும் வழியை சட்டம் எழுதிவைத்திருக்கிறது. வழக்கறிஞரைத் திருத்த வேண்டியவர் அவரே. பயப்படாமல் எழுதுங்கள், ஆதாரத்தோடு எழுதுங்கள், உரிய இடத்துக்கு எழுதுங்கள்.